நான்காம் வரியின் மேம்பாட்டு விழா

ஒரு வரியைத் திருத்த எத்தனை நாள் ஆகும் என்று கடல்சார் மென்கருவி வாரியத்தில் கேட்டால், அது வரியைப் பொறுத்தது என்பார்கள். எந்த வரி என்று காட்டினால், அது நாளைப் பொறுத்தது என்பார்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அன்வருதீன் கேட்டான், இப்படித்தான் பதில் வந்தது.

அன்வருதீன் முத்தியால்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து செயலி எழுதிப் பிழைப்பவன். பிள்ளைச்சாவடி மீனவர் சங்கத்துக்காக ஒன்று எழுதியிருந்தான். கடலில் எஞ்சின் நின்றுபோனால் போனில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். படகில் பொருத்திய சின்னப் பெட்டி வழியாக, படகு நிற்கும் இடம் வாரியத்தின் கணினிக்குப் போகும். அங்கிருந்து மீட்புக்காரர்களுக்குத் தகவல் போகும். இதைக் கேட்டு மாடியேறி வந்தவர் காத்தவராயன். போன வருஷம் எஞ்சின் பழுதாகி, இரண்டு பகல் ஓர் இரவு நடுக்கடலில் மிதந்து, மழைத் தண்ணீரைக் குடித்துக் கரை சேர்ந்த மனிதர்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினாலோடு முடிகிறது. பதினைந்தாம் தேதி விடியுமுன் சங்கத்தின் நாற்பது படகும் இறங்கும். அதற்குள் செயலிக்கு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். சோதனைக்காக ஒரே ஒரு படகில் மட்டும் அனுமதி கிடைத்திருந்தது. அது காத்தவராயனுடையது.

வாரியம் செய்கிற வேலை இன்னதென்றும் சொல்லிவிடுகிறேன். அன்வருதீன் போன்றவர்கள் செயலி கட்டுவதற்கு வாரியம் ஒரு கருவித்தொகுப்பு தருகிறது. எஸ்.டி.கே. என்பார்கள். வீடு கட்டச் செங்கல்லும் சிமெண்டும் தருவது மாதிரி. எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல ஒரு விளக்க ஆவணமும் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் ஏழாம் பிரிவின் நான்காம் வரி, படகின் இடத்தை அனுப்பும்போது முதலில் தீர்க்கரேகையும் பிறகு அட்சரேகையும் தர வேண்டும் என்கிறது. வாரியத்தின் கணினியோ முதலில் வருவது அட்சரேகை என்று எடுத்துக்கொள்கிறது. நம் கடலுக்கு அட்சரேகை ஏறக்குறையப் பன்னிரண்டு, தீர்க்கரேகை ஏறக்குறைய எண்பது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் நார்வேக்கும் வடக்கே பனிக்கடல் வந்துவிடும்.

அன்வருதீன் ஆவணத்தின்படியே எழுதி, பிள்ளைச்சாவடி மணலில் நின்று பொத்தானை அழுத்தினான். வாரியத்தின் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி பனிக்கரடிகள் உலவும் இடத்தில் மினுங்கியது. எண்களைத் திருப்பிப் போட்டான். புள்ளி கரைக்கு வந்தது. நல்லது என்று அதையே காத்தவராயனின் போனில் ஏற்றிவிட்டு, சான்றிதழுக்கும் அனுப்பினான். நாலாம் நாள் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: ‘செயலி ஆவணத்துக்கு முரணாக உள்ளது.’

வாரியம் புல்வாருக்குள், அதாவது பழைய பிரெஞ்சு நகர எல்லைக்குள், ஒரு மஞ்சள் கட்டடத்தில் இருக்கிறது. முன்னறையில் சரிதா என்ற எழுத்தர் இருந்தார்.

“ஆவணத்துல தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அதுபடி செஞ்சா வடதுருவத்துக்குப் பக்கத்துல காட்டுது மேடம்.”

“உங்க போன்ல சிக்னல் பிரச்சினையா இருக்கும். ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க.”

பண்ணிப் பார்த்தான். வடதுருவம் நகரவில்லை. அதன்பிறகு அவனை ஆவண மேம்பாட்டு அலுவலர் இளஞ்செழியனிடம் அனுப்பினார்கள். இளஞ்செழியன் அன்பானவர். காப்பி வரவழைத்தார், வரியைப் படித்தார், தலையை ஆட்டினார்.

“நீங்க சொல்றது ரொம்ப சரி. இது தப்புதான்.”

அன்வருதீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. “அப்ப மாத்திடலாமா சார்?”

“எப்படி மாத்துறது?”

ஆவணத்தின் அச்சுப் பிரதியை அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, ஓரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து. வாரியத்தின் தலைவர் ஹரிகிருஷ்ணன் முப்பது வருஷம் பத்திரப் பதிவில் இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். அவருக்குத் தெரிந்த ஆவணம் பத்திரம் ஒன்றுதான். வந்த முதல் வாரத்திலேயே விளக்க ஆவணம் முழுவதையும் பத்திரம் போல முத்திரையிட்டுப் பதிவு செய்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“பத்திரத்துல யாராவது பேனாவால அடிப்பாங்களா? பிழைதிருத்தல் பத்திரம்தான் போடணும். அதுக்கு எழுதிக் குடுத்தவர் நேர்ல வரணும்” என்றார் இளஞ்செழியன்.

“யாரு சார் எழுதிக் குடுத்தது?”

“ஒரு காண்ட்ராக்ட் பையன். அவங்க அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பையன் இப்ப பிரான்சுல, லியோன்ல இருக்கான். மெயில் போட்டோம். பதில் வந்துச்சி.”

“என்ன சொன்னார்?”

“பிரெஞ்சுல பொன்ழூர்னு ஒரு வணக்கம் போட்டிருக்கான். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.”

மணி ஒன்றாகியிருந்தது. புதுச்சேரியில் பாதிக் கடைகள் மதியம் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறக்கும் என்பது ஊரறிந்தது. வாரியமும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், கடைக்காரர்கள் வாடிக்கையாளரை வெளியே அனுப்பிவிட்டுச் சாத்துவார்கள். இங்கே காவலாளி வெளிக்கதவைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலர்கள் பின்பக்கமாகப் போவார்கள். அந்த வழி பொதுமக்களுக்குக் கிடையாது. அன்வருதீன் நாலு மணிவரை முற்றத்தில் உட்கார்ந்து, பசியோடு, பிரிவு ஒன்றைப் படித்தான். மறுநாளிலிருந்து சோற்று டப்பா கொண்டுபோனான். அந்த டப்பாவைப் பார்த்ததும் வாரியத்தில் அவனை உள்ளூர் ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில் ‘நான்காம் வரி மேம்பாட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. அன்வருதீன் சிறப்பு அழைப்பாளர். முதல் கூட்டத்திலேயே மொழிப் பிரச்சினை எழுந்தது. புதுச்சேரி என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்தது. ஆவணம் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, மலையாளம், தெலுங்கு என்று ஐந்து மொழியில் இருந்தது. தவறு ஐந்து மொழியிலும் ஒன்றுபோல, மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றுகூட இல்லாமல், துல்லியமாக இருந்தது. திருத்துவதானால் ஐந்தையும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும். ஏனாம் பிரதிநிதிக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. மாஹே பிரதிநிதி வந்திருந்தார். ஆனால் தங்கள் ஊர்க் கடல் மேற்கே இருப்பதால் இது தங்களுக்குப் பொருந்துமா என்று தெளிவு கேட்டார். தெளிவு கேட்டு ஒரு கடிதம் போயிற்று.

அதுவரை சும்மா இருக்கக்கூடாது என்று வரியை மேம்படுத்தத் தொடங்கினார்கள். முதலில் அதைத் தடித்த எழுத்தாக்கினார்கள். பிறகு சுற்றிலும் பெட்டி போட்டார்கள். பக்கத்தில் கலங்கரை விளக்கத்தின் படம் வந்தது. படிப்பவர்களுக்கு வரி புரிகிறதா என்று ஒரு கருத்துக்கணிப்பும் நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர், வரி மிகத் தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இளஞ்செழியன் அந்தத் தாளைக் காட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

“தெளிவாத்தான் சார் இருக்கு. ஆனா தப்பா இருக்கு.”

“மிஸ்டர் அன்வருதீன், எங்க பிரிவு தெளிவு. சரியா தப்பாங்கிறது வேற பிரிவு.”

“அது எந்த மாடியில சார்?”

“அது இன்னும் ஆரம்பிக்கல.”

அன்வருதீன் வராமல் இருந்துவிடலாம் என்றும் பார்த்தான். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. புகார்தாரர் தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராவிட்டால் புகார் கைவிடப்பட்டதாகவும், வரி சரியென்று அவரே ஒப்புக்கொண்டதாகவும் கொள்ளப்படும் என்றிருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். அன்றைக்குக் கலங்கரை விளக்கத்துக்கு என்ன நிறம் என்று விவாதம். அவன் கருத்தையும் கேட்டார்கள். வெள்ளை என்றான். பதிந்துகொண்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி ஜீனத்துன்னிசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிக்சியை நிறுத்தினாள்.

“ஏங்க, அவங்களுக்கு அவங்க கேட்ட மாதிரி ஒண்ணு குடுத்து சர்ட்டிபிகேட்ட வாங்கிடுங்க. கடலுக்குச் சரியானத ஏத்தி விடுங்க. எதுக்கு இந்த மல்லுக்கட்டு?”

“சர்ட்டிபிகேட் குடுத்ததும் அத சீல் பண்ணிடுவாங்க ஜீனத். ஒரு புள்ளி மாத்துனாலும் வேலை செய்யாது. நாப்பது படகும் பனிக்கடல்லதான் நிக்கும்.”

அவள், “அப்ப அவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது அந்த நாப்பது படகுதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி மிக்சியைப் போட்டாள்.

காத்தவராயன் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாடியேறி வருவார். படகுக்கு வண்ணம் அடித்தாயிற்று, வலை பின்னியாயிற்று, ஐஸுக்குச் சொல்லியாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியில், “அது ஆச்சா பாய்?” என்பார். ஆகவில்லை என்று சொல்ல அன்வருதீனுக்கு வெட்கமாக இருக்கும். மற்ற படகுக்காரர்களிடம் அவர்தான் இவனுக்காக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜூன் பதினாலாம் தேதி மாலை இளஞ்செழியன் போன் செய்தார்.

“முடிஞ்சிருச்சி மிஸ்டர் அன்வருதீன். நாளைக்குப் பதினோரு மணிக்கு விழா. உங்களுக்குப் பொன்னாடை. சான்றிதழையும் மேடையிலயே தலைவர் குடுத்துருவார்.”

“வரி சரியாயிடுச்சா சார்?”

“வரிக்கும் கணினிக்கும் இனிமே ஒரு முரண்பாடும் இல்ல. போதுமா?”

போதும் என்றுதான் அவனும் நினைத்தான். அப்படியே பிள்ளைச்சாவடிக்கு வண்டியை விட்டான். கரையில் டீசல் கேன் ஏற்றிக்கொண்டிருந்த காத்தவராயனிடம் விஷயத்தைச் சொன்னான். மற்ற படகுகள் நாளை கரை திரும்பியதும் அவற்றுக்கும் ஏற்றிவிடலாம், உங்கள் போனில் இருப்பது ஏற்கெனவே சரியானதுதான் என்றான்.

“நாளைக்கு நீங்க தைரியமா போங்கண்ணே.”

“உன்ன நம்பித்தான் போறேன்” என்றார் காத்தவராயன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்வாம்பாள், “அத அமுக்குனா நெசமாவே வருவாங்களா தம்பி?” என்று கேட்டாள். வருவார்கள் என்று அன்வருதீன் சொன்னான்.

விழா பதினொன்றுக்கு என்று போட்டு பன்னிரண்டுக்குத் தொடங்கியது. மேடையின் பின்னால் பெரிய திரையில் வாரியத்தின் வரைபடம். ஏனாம் பிரதிநிதி ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார். அன்வருதீனுக்குப் பொன்னாடை போர்த்தி, புகைப்படக்காரருக்காக அதை எடுத்து மறுபடியும் போர்த்தினார்கள். பிறகு தலைவர் ஹரிகிருஷ்ணன் எழுந்தார்.

“பெரியோர்களே, இந்த இளைஞர் நம்மிடம் வந்து, ஆவணம் ஒன்று சொல்கிறது, கணினி ஒன்று செய்கிறது என்றார். சிறிய அதிகாரிகள் பதறினார்கள். நான் பதறவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் நான் ஒன்று கண்டிருக்கிறேன். பத்திரத்தில் நாலு சென்ட் என்று இருந்து, தரையில் ஐந்து சென்ட் இருந்தால், தப்பு தரையில்தான். ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. மாற்ற விடவுமில்லை. கணினியை மாற்றினோம். நேற்று இரவு பன்னிரண்டு மணி முதல், ஆவணம் என்ன சொல்கிறதோ அதையே கணினியும் கேட்கும். இதுவல்லவா ஆவண மேம்பாடு?”

கை தட்டினார்கள். அன்வருதீன் தட்டவில்லை. நேற்று வரை சரியாக இருந்த ஒரே செயலி இந்த ஊரில் அவனுடையதுதான். நேற்று இரவு பன்னிரண்டு மணியோடு அது தப்பாகிவிட்டது. அதை ஏற்றிய போன் விடியுமுன்னே கடலுக்குப் போய்விட்டது. அவனே போகச் சொன்னான்.

“சார், மாத்தினத எனக்கு நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றான் இளஞ்செழியனின் காதில்.

“சர்ப்ரைஸா இருக்கட்டும்னு தலைவர் சொன்னார்.”

அன்வருதீன் போனை எடுத்துக் காத்தவராயனைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று பெண் குரல் சொன்னது. அந்த நேரத்தில்தான் திரையின் மேல் ஓரத்தில், நார்வேக்கும் வடக்கே, ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கத் தொடங்கியது.

அரங்கம் முன்னைவிடப் பலமாகக் கை தட்டியது. செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள். தலைவரும் அப்படித்தான் நினைத்தார்.

“பார்த்தீர்களா? உடனே வேலை செய்கிறது” என்றார் ஒலிபெருக்கியில்.

“சார், அது நம்ம படகு. காத்தவராயன் படகு. ஆபத்துல இருக்காங்க.”

“நம்ம படகு அங்க எப்படிப்பா போகும்?”

“அங்க போகல சார். இங்கதான் நிக்குது. எண்ணு திரும்பியிருக்கு. மீட்புக்குச் சொல்லுங்க.”

தலைவர் திரையை உற்றுப் பார்த்தார். “அந்த இடத்துல நமக்கு அதிகாரம் கிடையாது. அது வேற தேசம். நாம போன் பண்ணா ராஜாங்க விவகாரமாயிடும்.”

“இளஞ்செழியன் சார், நீங்களாவது சொல்லுங்க.”

“நன்றியுரை முடிஞ்சிடட்டும்” என்றார் இளஞ்செழியன், உண்மையான வருத்தத்தோடு. “நடுவுல எழுந்தா மரியாதையா இருக்காது.”

அன்வருதீன் கதவைப் பார்த்தான். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. காவலாளி பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஆகவே அவன் மேடையிலேயே நின்று, பொன்னாடையோடு, திரையில் ஓடிய இரண்டு எண்ணையும் பார்த்துச் செல்வாம்பாளுக்குப் போன் செய்தான். அவன் நின்றது ஒலிவாங்கிக்குப் பக்கத்தில். அரங்கம் முழுவதும் கேட்டது.

“அக்கா, அன்வரு பேசுறேன். அண்ணன் படகு நின்னுபோச்சி. பயப்படாதீங்க, எழுதிக்குங்க. பதினொண்ணு புள்ளி ஒம்பது ஏழு. அது மொதல்ல. எம்பது புள்ளி ஒண்ணு எட்டு. அது ரெண்டாவது. மாத்திடாதீங்க அக்கா.”

“மாத்த மாட்டேன். இரு, திருப்பிச் சொல்றேன்” என்றாள் அவள். சொன்னாள். குரல் நடுங்கியது, எண் நடுங்கவில்லை. “எந்தம்பி படகு இப்பத்தான் கரைக்கு வந்துச்சி. எறக்கச் சொல்றேன்.”

அடுத்து ஏனாம் பிரதிநிதி தெலுங்கில் நன்றி சொன்னார்.

தம்பியின் படகு அந்த இடத்துக்குப் போய்ச் சேர நாலு மணியாயிற்று. புரொப்பல்லரில் வலை சுற்றி, அடியில் பலகை விட்டுத் தண்ணீர் ஏறியிருந்தது. காத்தவராயனும் இன்னும் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்வருதீன் நினைக்கவே பயப்பட்டான். அந்தப் பயம் அவனுக்கு இன்றைக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து பதிவுத்தபால் வந்தது. சான்றிதழ் இல்லை. குறிப்பாணை. அதை அப்படியே தருகிறேன்.

‘15-ஆம் தேதி நடந்த மேம்பாட்டு விழாவில், வாரியத்தின் கணினி பனிக்கடலில் இருப்பதாகக் காட்டிய ஒரு படகை, தாங்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆவணத்துக்கு முரணாக, புதுச்சேரிக் கடலில் இருப்பதாகத் தனிநபர் ஒருவருக்கு வாரியத்தின் ஒலிபெருக்கி மூலம் தெரிவித்து, அதன் விளைவாக அப்படகு புதுச்சேரிக் கடலிலேயே கண்டெடுக்கப்படக் காரணமாக இருந்துள்ளீர்கள். இது குறித்துத் தங்கள் விளக்கத்தை ஐந்து மொழிகளிலும் ஏழு நாட்களுக்குள் அளிக்கவும். விளக்கம் ஏற்கப்படும்வரை தங்கள் சான்றிதழும் சோதனை அனுமதியும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.’

தபாலைப் பிரித்தபோது காத்தவராயனும் மாடியில்தான் இருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறிய கால் வெடித்திருந்ததால் செருப்பில்லாமல் வந்திருந்தார். படித்துக் காட்டச் சொன்னார். அன்வருதீன் படித்தான். அவர் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார்.

“நான் இங்கதான் இருந்தேன்னு நானே வந்து சொல்லட்டா?”

“நேர்ல வந்தா ஒத்துக்க மாட்டாங்கண்ணே. ஆவணம் கேப்பாங்க.”

“படகு இருக்கு. ஓட்டையோட இருக்கு.”

“அது கணினியில இன்னும் பனிக்கடல்லதான் இருக்கு.”

கீழே பட்டறையில் இரும்பு அறுத்தார்கள். சத்தம் நின்றதும் காத்தவராயன் கேட்டார்.

“படகு ரெடியானதும் திரும்பப் போவணும் பாய். வீட்ல அரிசி இல்ல. அப்ப அந்தப் பொத்தான அமுக்குனா யாரு வருவா?”

செல்வாம்பாளிடம் சொன்ன பொய்யை அவரிடமும் சொல்ல அன்வருதீனுக்கு வாய் வரவில்லை.

“யாரும் வரமாட்டாங்கண்ணே.”

“சரி” என்றார் அவர். கோபப்படவில்லை. “அப்ப நீ மொதல்ல அந்தக் கடுதாசிய எழுது.”

அன்வருதீன் தாளை எடுத்து, ‘ஐயா, அந்தப் படகு புதுச்சேரிக் கடலில்தான் இருந்தது’ என்று எழுதினான். படித்துப் பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரியே இருந்தது. இருந்தாலும் கீழே கையெழுத்துப் போட்டான்.